ஒரு ரெஜிமெண்ட்டின் போர்க்காலத்தைத் தேடுவோருக்கு: அமெரிக்கப் பூங்காத் துறையின் இலவசத் தரவுத்தளம் எதுவரை கைகொடுக்கும்?

வடமாநிலங்களும் பிரிந்துபோன தென்மாநிலங்களும் மோதிய அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861-65) சண்டையிட்ட ஒரு தன்னார்வக் காலாட்படை ரெஜிமெண்ட்டை (சுமார் ஆயிரம் பேர் கொண்ட படைப்பிரிவு) பற்றித் தேடுகிற எவரும் முதலில் வந்து சேரும் இடம், அந்நாட்டுத் தேசியப் பூங்காத் துறை நடத்தும் ‘சோல்ஜர்ஸ் அண்ட் செய்லர்ஸ்’ தரவுத்தளம். கட்டணம் கிடையாது, பதிவு செய்யத் தேவையில்லை, போனிலும் திறக்கும். சுமார் 63 லட்சம் வீரர் பதிவுகள், இரு தரப்பிலும் ஆயிரக்கணக்கான ரெஜிமெண்ட்டுகளின் சுருக்க வரலாறு, போர்க்களங்களின் குறிப்பு, கறுப்பின மாலுமிகள் சுமார் 18,000 பேரின் பட்டியல், சிறைமுகாம் பதிவுகள், வீரப் பதக்கம் பெற்றவர்களின் பட்டியல் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. இவ்வளவையும் இலவசமாகக் கொடுக்கும் சேவையைப் பாராட்டாமல் இருக்க முடியாது. ஆனால் அதில் தெரிவதை ‘இந்த ஆள் இந்தச் சண்டையில் இருந்தான்’ என்பதற்குச் சான்றாக எடுத்துக்கொண்டால் தவறு அங்கேதான் தொடங்குகிறது. அந்தத் தளம் எங்கே நிற்கிறது, அதற்கு மேல் எந்தச் சேவையை எப்படிப் பயன்படுத்துவது என்பதை ஒரே ரெஜிமெண்ட்டை வைத்துப் பார்ப்போம்: முதலாம் மினசோட்டா காலாட்படை.

இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. 1861 ஏப்ரல் 14 அன்று, போரைத் தொடங்கிவைத்த தாக்குதலில் ஃபோர்ட் சம்டர் கோட்டை வீழ்ந்த செய்தி வந்தபோது மினசோட்டா ஆளுநர் அலெக்சாண்டர் ராம்சி வாஷிங்டனில் இருந்தார். போர்த்துறைச் செயலர் சைமன் கேமரனிடம் நேரில் போய் 1,000 பேரைத் தருவதாகச் சொன்னார். அதிபர் லிங்கனின் வடக்குத் தரப்புக்கு ஒரு மாநிலம் முதலில் தர முன்வந்த தன்னார்வப் படை என்று இதையே சொல்வார்கள். ஏப்ரல் 29 அன்று ஃபோர்ட் ஸ்னெல்லிங்கில் படையில் சேர்க்கப்பட்டது. முதல் புல் ரன், ஃபேர் ஓக்ஸ், சேவேஜ் ஸ்டேஷன், ஆண்டீட்டம், ஃப்ரெடரிக்ஸ்பர்க், கெட்டிஸ்பர்க், பிரிஸ்டோ ஸ்டேஷன் என்று கிழக்குக் களம் முழுக்க இருந்தது. மூன்றாண்டு முடிந்து 1864 வசந்தத்தில் கலைந்தது. தொடக்கமும் முடிவும் தெளிவாக இருக்கும், ஆவணங்கள் நிறைய இருக்கும், அதே ஆவணங்கள் ஒன்றோடொன்று முரண்படவும் செய்யும். ஒரு சேவையைச் சோதிக்க இதைவிட நல்ல உரைகல் கிடைப்பது கடினம்.

தரவுத்தளத்தில் தேடும் முறை

ரெஜிமெண்ட் பக்கத்துக்குப் போக மாநிலம், தரப்பு, படைவகை ஆகிய மூன்றையும் தேர்ந்தெடுக்க வேண்டும். ‘முதலாம் மினசோட்டா’ என்று மட்டும் அடித்தால் முதலாம் காலாட்படை, முதலாம் கன பீரங்கிப்படை, முதலாம் குதிரைப்படை எல்லாம் சேர்ந்து வரும். அதோடு ‘முதலாம் பட்டாலியன், மினசோட்டா காலாட்படை’ என்று ஒரு பதிவும் வரும். அது வேறு படை அல்ல. மூன்றாண்டு முடிந்து மற்றவர்கள் ஊர் திரும்பியபோது மறுபடி கையெழுத்துப் போட்டவர்களும் புதிதாகச் சேர்ந்தவர்களும் அமைத்த தொடர்ச்சிதான் அந்தப் பட்டாலியன். பீட்டர்ஸ்பர்க் முற்றுகையில் இருந்து, 1865 ஜூலையில்தான் கலைந்தது. 1864க்குப் பிறகு ஒருவர் எங்கே போனார் என்று தெரியாமல் தேடுபவர்களில் பலர் இந்த இரண்டாவது பக்கத்தைத் திறக்காதவர்கள். இரண்டு பக்கங்களையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

ரெஜிமெண்ட் பக்கத்தில் வரும் சுருக்கம் பெரும்பாலும் 1908இல் ஃபிரெடரிக் டையர் தொகுத்த பெருந்தொகுப்பிலிருந்து எடுத்தது. எங்கே திரட்டப்பட்டது, எந்த பிரிகேட், டிவிஷன், கோருடன் (ஒன்றைவிட ஒன்று பெரிய படையமைப்புகள்) இணைந்திருந்தது, எந்தத் தேதியில் எங்கே என்ற வரிசை, கடைசியில் உயிரிழப்புக் கணக்கு. முதலாம் மினசோட்டாவுக்கு அந்தக் கணக்கு: சண்டையில் கொல்லப்பட்டோரும் காயத்தால் இறந்தோரும் அதிகாரிகள் 10, வீரர்கள் 177, நோயால் இறந்தோர் அதிகாரிகள் 2, வீரர்கள் 97, மொத்தம் 286. பெரும்பாலான ரெஜிமெண்ட்டுகளில் நோய் எடுத்த உயிர்களே அதிகம். இங்கே குண்டு எடுத்தது ஏறக்குறைய இரண்டு மடங்கு. இப்படி ஒரு வித்தியாசத்தை உடனே கண்டுகொள்ள இந்தப் பக்கம் அருமையாக உதவும்.

அந்தத் தேதி வரிசையைப் படிப்பதற்கு ஒரு எச்சரிக்கை. அது ரெஜிமெண்ட் எந்தப் படையெடுப்பில் இருந்தது என்று சொல்கிறது. எல்லாக் கம்பெனிகளும் (ரெஜிமெண்ட்டின் உட்பிரிவுகள்) அங்கே நின்றன என்று சொல்லவில்லை. இது சின்ன விஷயமல்ல. கெட்டிஸ்பர்க்கில் என்ன நடந்தது என்று பார்த்தால் புரியும்.

பெயர் தேடல்

தனி வீரர் பக்கத்தில் கிடைப்பவை: பெயர், ரெஜிமெண்ட், தரப்பு, கம்பெனி, சேர்ந்தபோது பதவி, வெளியேறியபோது பதவி, மாற்றுப் பெயர், மைக்ரோஃபில்ம் (ஆவணங்களைச் சிறிதாகப் படமெடுத்த சுருள்) எண். அவ்வளவுதான். பிறந்த தேதி, ஊர், சேர்ந்த நாள், காயம், மரணம் எதுவும் இருக்காது. தரவுத்தளத்துக்கு மூல ஆதாரம் அட்டைகள்தான். தேசிய ஆவணக்காப்பகத்தில் உள்ள சேவைப் பதிவுகளுக்குப் போட்ட அகரவரிசை அட்டைகளைப் படித்து, வம்சாவளிச் சங்கங்களின் தன்னார்வலர்கள் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து தட்டச்சு செய்து கொடுத்ததே இந்தப் பட்டியல். அட்டையில் இல்லாதது இங்கே இருக்க வழியில்லை.

63 லட்சம் பதிவு இருப்பதால் 63 லட்சம் பேர் சண்டையிட்டார்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பூங்காத் துறையே சொல்லும் மதிப்பீடு சுமார் 35 லட்சம் பேர். ஒருவரே இரண்டு ரெஜிமெண்ட்டில் இருந்தால் இரண்டு அட்டை; பெயரை ஒரு குமாஸ்தா ஒருவிதமாகவும் இன்னொருவர் வேறுவிதமாகவும் எழுதியிருந்தால் அதற்கும் தனி அட்டை. அதனால் ரெஜிமெண்ட் பக்கத்தின் வீரர் பட்டியலை எண்ணி ‘மொத்தம் இத்தனை பேர்’ என்று எழுதக் கூடாது. கணக்கு எப்போதும் மேல்நோக்கித்தான் பிசகும்.

மினசோட்டா அப்போது புதிதாகக் குடியேறிய மாநிலம். ஜெர்மன், ஸ்காண்டிநேவிய, அயர்லாந்துப் பெயர்கள் அதிகம். பட்டியல் எழுதியவரோ காதில் விழுந்ததை எழுதியவர். கெட்டிஸ்பர்க்கில் கொல்லப்பட்ட கேப்டன் லூயிஸ் முல்லர் போன்ற ஒரு பெயரை முல்லர், ம்யூல்லர், மில்லர் என மூன்று எழுத்துக்கூட்டலிலும் தேட வேண்டும். கமாண்டர் வில்லியம் கால்வில்லின் பெயரே கடைசி ‘ஈ’ எழுத்தோடும் இல்லாமலும் ஆவணங்களில் வரும். பலன் தரும் வழி: குடும்பப் பெயரின் முதல் மூன்று நான்கு எழுத்துகளை மட்டும் கொடுத்து, மாநிலத்தையும் ரெஜிமெண்ட்டையும் வடிகட்டியாக வைத்து, வரும் பட்டியலைக் கண்ணால் பார்ப்பது. முழுப் பெயரை அடித்து ‘பதிவு இல்லை’ என்று வந்ததும் விட்டுவிடுவதுதான் பெரும்பாலானோர் செய்வது. முதல் பெயர் பல அட்டைகளில் ஒற்றை எழுத்தாகவே இருப்பதால் அதைத் தேடலில் சேர்க்காமல் இருப்பதும் நல்லது.

கம்பெனி எழுத்தைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு காலாட்படை ரெஜிமெண்ட்டில் பத்து கம்பெனி; கம்பெனிக்கு ஏறக்குறைய 100 பேர். எழுத்து ஏ முதல் கே வரை போகும். கையெழுத்தில் ஐயோடு குழம்பும் என்பதால் ஜே கிடையாது. முதலாம் மினசோட்டாவுக்கு எல் என்று ஒன்று கூடுதலாக உண்டு. அது பின்னால் வந்து இணைந்த குறிபார்த்துச் சுடும் படை. மேலோட்டமாகப் பார்த்தால் இந்த ஒற்றை எழுத்து அற்பமாகத் தெரியும். உண்மையில் தரவுத்தளம் தரும் தகவல்களிலேயே மிக விலைமதிப்புள்ளது அதுதான்.

1863 ஜூலை 2: எங்கே சறுக்குகிறது

கெட்டிஸ்பர்க்கில் நடந்த மூன்று நாள் சண்டையின் இரண்டாம் நாள் மாலை. வடக்கின் ஜெனரல் சிக்கில்ஸின் கோர் உடைந்து பின்வாங்க, செமிட்ரி ரிட்ஜ் மேட்டில் பெரிய இடைவெளி. தெற்கின் ஜெனரல் வில்காக்ஸின் அலபாமா பிரிகேட் அதை நோக்கி வருகிறது. துணைப்படை வந்து சேரச் சில நிமிடம் வேண்டும். கையில் இருந்தது முதலாம் மினசோட்டா மட்டுமே. வடக்கின் ஜெனரல் ஹான்காக் அதைத் தாக்கச் சொன்னார். அவர்கள் சரிவில் இறங்கி ஓடி, பிளம் ரன் ஓடையருகே அலபாமா படையை நிறுத்தினார்கள். நினைவுச்சின்னத்தில் பொறித்திருக்கும் கணக்கு: இறங்கியவர்கள் 262, வீழ்ந்தவர்கள் 215, வரிசையில் மிஞ்சியவர்கள் 47. அதாவது 82 சதவீதம்.

தரவுத்தளத்தில் முதலாம் மினசோட்டா என்று ஒரு பெயரைப் பார்த்து, ரெஜிமெண்ட் பக்கத்தில் ‘கெட்டிஸ்பர்க்’ என்று பார்த்ததும், அந்த ஆள் அந்த 262 பேரில் ஒருவன் என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் அன்று மாலை மூன்று கம்பெனிகள் அங்கே இல்லை. சி கம்பெனி டிவிஷன் தலைமையகத்தில் காவல் பணியில். எஃப் கம்பெனி இடப்பக்கம் முன்வரிசைச் சண்டைக்குப் பிரித்து அனுப்பப்பட்டிருந்தது. எல் கம்பெனி ஒரு பீரங்கி அணிக்குத் துணையாக நின்றது. சி கம்பெனியின் மார்ஷல் ஷெர்மன் மறுநாள், ஜூலை 3 அன்று, தெற்கின் ஜெனரல் பிக்கெட்டின் தாக்குதலின்போது 28ஆம் வர்ஜீனியாவின் கொடியைப் பறித்து வீரப் பதக்கம் பெற்றார். அவர் பெயரோடு இந்த ரெஜிமெண்ட்டின் புகழ் இணைந்திருக்கிறது. ஆனால் ஜூலை 2 தாக்குதலில் அவர் கம்பெனி இல்லை. கம்பெனி எழுத்து தெரியாமல் இதை வேறுபடுத்த முடியாது. (அந்தக் கொடி இன்றும் மினசோட்டா வரலாற்றுச் சங்கத்திடம் இருக்கிறது. வர்ஜீனியா திருப்பிக் கேட்டும் கொடுக்கவில்லை.)

அடுத்தது எண்ணிக்கை. நினைவுச்சின்னம் ஜூலை 2க்கு 215, ஜூலை 3க்கு மேலும் 17 என்கிறது, கூட்டினால் 232. போர்த்துறை வெளியிட்ட அதிகாரபூர்வ இழப்புப் பட்டியலில் கொல்லப்பட்டோர் 50, காயம்பட்டோர் 173, காணாமல் போனவர் 1, மொத்தம் 224. எது சரி? இரண்டும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு கையால் எழுதியவை. 262, 47 என்ற எண்கள் அந்த ரெஜிமெண்ட்டின் அதிகாரியாக இருந்து பின்னால் நீதிபதியான வில்லியம் லாக்ரன் எழுதிய வரலாற்றின் வழியே நிலைபெற்றவை. அது மினசோட்டா மாநிலம் 1890இல் வெளியிட்ட தொகுப்பில் வந்தது, சண்டை நடந்து 27 ஆண்டு கழித்து. அதிகாரபூர்வப் பட்டியல் சண்டைக்காலப் படைப் பட்டியல்களிலிருந்து திரட்டியது. அதில் ‘காயம்’ என்று இருப்பவர்களில் பலர் அடுத்த வாரங்களில் இறந்தார்கள், அதனால் இறந்தோர் எண்ணிக்கை 50இல் நிற்காது. பெயர் பெயராக எண்ணிப் பார்த்த பிற்கால ஆய்வாளர்கள் 82 சதவீதத்தை விடக் குறைவான விகிதத்துக்கே வருகிறார்கள். இதனால் அந்த ஓட்டத்தின் பெருமை துளியும் குறையவில்லை. விகிதம் எதுவாக இருந்தாலும் அந்தச் சில நிமிடங்கள் வாங்கிக் கொடுக்கப்பட்டன, அந்த இடைவெளி அடைபட்டது. ஆனால் எண்ணை எழுதும்போது எந்த எண், யார் எண்ணியது, ஒரு நாளா இரண்டு நாளா என்று சேர்த்து எழுத வேண்டும். தரவுத்தளப் பக்கம் இந்த வேறுபாடு எதையும் காட்டாது. அதன் வேலையும் அதுவல்ல.

இதற்கு உரிய இடம் போர்த்துறையின் அதிகாரபூர்வப் பதிவுத் தொகுப்பு: 1880 முதல் 1901 வரை வெளிவந்த 128 புத்தகங்கள். கெட்டிஸ்பர்க் என்றால் முதல் வரிசை, 27ஆம் தொகுதி. முதல் பகுதியில் வடக்குத் தரப்பு அறிக்கைகளும் இழப்புப் பட்டியலும். இரண்டாம் பகுதியில் தெற்குத் தரப்பு. முதலாம் மினசோட்டாவின் அறிக்கையை எழுதியவர் கேப்டன் ஹென்றி கோட்ஸ். ஏன் ஒரு கேப்டன் எழுதினார் என்பதே பாதிக் கதையைச் சொல்லிவிடும்: கர்னல் கால்வில், லெப்டினன்ட் கர்னல் ஆடம்ஸ், மேஜர் டௌனி மூவரும் ஜூலை 2 அன்று படுகாயம்; அடுத்து பொறுப்பேற்ற கேப்டன் நாதன் மெஸிக் ஜூலை 3 அன்று கொல்லப்பட்டார். வில்காக்ஸின் அறிக்கையை இரண்டாம் பகுதியில் படித்து இதோடு ஒப்பிட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் படித்தால் எதிரில் எத்தனை பேர் நின்றார்கள் என்பது எப்போதும் பெரிதாகத்தான் தெரியும். இந்தத் தொகுதிகள் எல்லாம் இணையத்தில் இலவசம். எழுத்தறிதல் மென்பொருள் பெயர்களைக் கெடுத்திருக்கும் என்பதால் தேடல் பெட்டியை நம்பாமல், ஒவ்வொரு தொகுதியின் பின்னால் உள்ள ரெஜிமெண்ட் அகரவரிசையைப் பயன்படுத்துங்கள்.

அடுத்த படி: சேவைப் பதிவு வாங்குவது

தனி மனிதரின் போர்க்காலத்தை அறிய முதன்மையான வழி தேசிய ஆவணக்காப்பகத்தின் தொகுக்கப்பட்ட சேவைப் பதிவு. 1890களில் ஃப்ரெட் ஐன்ஸ்வர்த் என்ற அதிகாரியின் மேற்பார்வையில் போர்த்துறை ஒரு பெரிய வேலை செய்தது: பென்ஷன் மனுக்களைச் சரிபார்க்க, கிழிந்துகொண்டிருந்த மஸ்டர் ரோல்களில் (படையினரின் ஆஜர்ப் பட்டியல்) இருந்த ஒவ்வொரு பெயரையும் தனி அட்டையில் படியெடுத்து, ஆளுக்கு ஒரு உறையில் போட்டு வைத்தது. அந்த உறைதான் இன்று நமக்குக் கிடைப்பது. வயது, உயரம், கண் நிறம், தொழில், பிறந்த இடம், சேர்ந்த நாள், மருத்துவமனை, விடுப்பு, ஊதியப் பிடித்தம், பதவி உயர்வு எல்லாம் அதில் இருக்கும்.

வாங்கும் முறை எளிது. ஆவணக்காப்பகத்தின் இணைய ஆர்டர் பக்கத்தில் என்.ஏ.டி.எஃப் 86 என்ற படிவம் சேவைப் பதிவுக்கு. 85 என்பது பென்ஷன் கோப்புக்கு. சேவைப் பதிவுக்கு 30 டாலர், முழுப் பென்ஷன் கோப்புக்கு முதல் 100 பக்கத்துக்கு 80 டாலர், அதற்கு மேல் பக்கக் கணக்கு என்பதே சில ஆண்டுகளாக உள்ள கட்டணம். ஆர்டர் செய்யும்போது பக்கத்தில் உள்ள தொகையை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். படிவத்தில் நிரப்ப வேண்டியவை பெயர், மாநிலம், படைவகை, ரெஜிமெண்ட் எண், கம்பெனி, எந்தத் தரப்பு. இவை எல்லாம் தரவுத்தளப் பக்கத்திலிருந்தே எடுக்கலாம். அந்த இலவசச் சேவையின் உண்மையான பயன் இங்கேதான். தரவுத்தளத்தில் எந்த எழுத்துக்கூட்டலில் முதன்மைப் பெயர் இருக்கிறதோ அதையே எழுதி, மற்றவற்றை மாற்றுப் பெயர் இடத்தில் கொடுங்கள். குடும்பத்தார் இன்று எழுதும் எழுத்துக்கூட்டலைக் கொடுத்தால் உறை கிடைக்காமல் போகும். காலாட்படைக்குப் பதில் பீரங்கிப்படை என்று குறித்தாலும் அதே கதி.

படி வந்து சேர வாரக்கணக்கில் ஆகும். அவசரம் என்றால், வாஷிங்டன் பக்கம் இருப்பவர்கள் பென்சில்வேனியா அவென்யூ கட்டிடத்துக்கு நேரில் போவது மேல். பாஸ்போர்ட் அல்லது ஓட்டுநர் உரிமம் காட்டினால் ஆய்வாளர் அட்டை இலவசமாகத் தருவார்கள். பேனா, பை உள்ளே அனுமதி இல்லை, பென்சில் போதும், கேமராவில் ஃபிளாஷ் இல்லாமல் படமெடுக்கலாம்.

வடக்குத் தரப்பு, தெற்குத் தரப்பு இரண்டுக்கும் இங்கே ஒரு பெரிய வேறுபாடு உண்டு. தெற்கின் சேவைப் பதிவுகள் முழுவதும் மைக்ரோஃபில்மில் ஏறிவிட்டன. ஃபோல்டு 3 போன்ற சந்தாத் தளங்களில் உட்கார்ந்த இடத்திலேயே பார்க்கலாம். வடக்கின் பல மாநிலங்களுக்கு அகரவரிசை மட்டுமே மைக்ரோஃபில்ம் ஆனது; உறைகள் காகிதமாகவே இருந்தன. ஆகவே ஒரு வடமாநில வீரருக்காகச் சந்தா கட்டுவதற்கு முன் அந்த மாநிலத்தின் உறைகள் அங்கே இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அகரவரிசை அட்டையின் படத்தை மட்டும் பார்த்துவிட்டு ‘சேவைப் பதிவு கிடைத்தது’ என்று நினைத்துக்கொள்பவர்கள் பலர். அதில் இருப்பது பூங்காத் துறை இலவசமாகத் தரும் அதே நான்கு வரிதான்.

அட்டையைப் படிக்கும்போது

உறை கைக்கு வந்ததும் முதலில் செய்ய வேண்டியது அட்டைகளைத் தேதி வரிசையில் அடுக்குவது. மஸ்டர் ரோல் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, சம்பளத்துக்காக எடுத்தது: பிப்ரவரி, ஏப்ரல், ஜூன், ஆகஸ்ட், அக்டோபர், டிசம்பர் மாதங்களின் கடைசி நாள். ‘மே, ஜூன் 1863: ஆஜர்’ என்று அட்டையில் இருந்தால், ஜூன் 30 அன்று பெயர் கூப்பிட்டபோது இருந்தார் என்று மட்டுமே பொருள். அந்த நாளில் இந்த ரெஜிமெண்ட் இணைந்திருந்த இரண்டாம் கோர் மேரிலாந்தின் யூனியன்டவுனில் இருந்தது. முந்தைய நாள் முப்பது மைலுக்கு மேல் நடந்திருந்தது. ஜூலை 2 அன்று அவர் களத்தில் நின்றாரா என்பதற்கு அடுத்த அட்டையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஜூலை, ஆகஸ்ட் அட்டையில் ‘இல்லை, ஜூலை 2 கெட்டிஸ்பர்க்கில் காயம், மருத்துவமனை’ என்று குறிப்பு இருந்தால் உறுதி. வெறுமனே ‘ஆஜர்’ என்றால் அவர் மிஞ்சிய சிலரில் ஒருவராகவும் இருக்கலாம், சி கம்பெனியில் காவல் நின்றவராகவும் இருக்கலாம், இடையில் மருத்துவமனையிலிருந்து திரும்பியவராகவும் இருக்கலாம். ஆகஸ்டில் இந்த ரெஜிமெண்ட் நியூயார்க்கில் இருந்தது. கட்டாய ஆள்சேர்ப்புக்கு எதிரான கலவரத்துக்குப் பின் அங்கே அனுப்பியிருந்தார்கள்.

பத்திகள் காலியாக இருப்பதும் ஒரு செய்தியே. ‘குறிப்பிடப்படவில்லை’ என்று அச்சிட்ட அட்டை, அந்த ரோலில் ஆஜர் பத்தி நிரப்பப்படவில்லை என்பதைச் சொல்கிறது. அவர் ஓடிப்போனார் என்று அர்த்தம் இல்லை. ஓடிப்போனதாக எழுதியிருந்தாலும் உடனே நம்ப வேண்டாம். மருத்துவமனையில் கிடந்தவரைப் பற்றி கம்பெனிக்குத் தகவல் வராமல் அப்படி எழுதியதுண்டு. பிற்பாடு மனுப் போட்டு அந்தக் குற்றச்சாட்டு நீக்கப்பட்டதற்கான அட்டையும் அதே உறையில் இருக்கக்கூடும். கடைசி அட்டை வரை புரட்ட வேண்டும்.

1861 அட்டைகளில் இன்னொரு சிக்கல். முதலாம் மினசோட்டா முதலில் மூன்று மாதத்துக்குச் சேர்க்கப்பட்டு, சில வாரங்களிலேயே மூன்றாண்டாக மாற்றப்பட்டது. மூன்றாண்டுக்கு ஒப்பாதவர்கள் வீடு திரும்பினார்கள். அதனால் ஏப்ரல் 29 தேதியுள்ள சேர்ப்பு அட்டை மட்டும் இருந்து வேறு எதுவும் இல்லாவிட்டால், அவர் புல் ரன் பார்த்திருக்க மாட்டார்.

கறுப்பின ரெஜிமெண்ட்டுகளின் உறைகளில் வேறு எங்கும் இல்லாத ஒரு வரி வரும்: ‘1861 ஏப்ரல் 19 அன்றோ அதற்கு முன்போ சுதந்திர மனிதர்’. வெள்ளை வீரருக்கு மாதம் 13 டாலர் கொடுத்த அரசு, 54ஆம் மாசசூசெட்ஸ் போன்ற படையினருக்கு 10 டாலர் என்று சொல்லி அதிலும் 3 டாலரை உடைக்குப் பிடித்தது. அவர்கள் அந்தப் பணத்தைத் தொட மறுத்துச் சம்பளமே இல்லாமல் சண்டையிட்டார்கள். 1864 ஜூனில் சட்டம் மாறியபோதும், போர் தொடங்கியபோது சுதந்திரமாக இருந்ததாகச் சத்தியம் செய்தவருக்கே முதல் நாளிலிருந்து முழுச் சம்பளம் என்று வைத்தார்கள். அந்த அவமானமும் அந்த மறுப்பும் ஒரு குமாஸ்தாவின் கையெழுத்தில் ஒற்றை வரியாகப் பதிந்திருக்கிறது. தரவுத்தளத்தில் பெயரும் கம்பெனியும் மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவருக்கு இது கண்ணில் படவே படாது.

ரெஜிமெண்ட் முழுவதையும் எழுதுபவருக்கு

ஒரு ஆளை அல்லாமல் படை முழுவதையும் எழுத நினைப்பவர்கள் ஆயிரம் உறை வாங்க முடியாது. அவர்களுக்கு இரண்டு மைக்ரோஃபில்ம் வரிசைகள். முதலாவது எம் 594: வடக்குத் தன்னார்வப் படைகளின் நிகழ்வுக் குறிப்பு அட்டைகள், 225 சுருள். மஸ்டர் ரோலின் பின்பக்கம் கம்பெனித் தலைவர் எழுதிய ‘இந்த இரண்டு மாதத்தில் எங்கே போனோம், என்ன செய்தோம்’ என்ற பத்தி கம்பெனிவாரியாக இதில் இருக்கும். டையரின் சுருக்கம் விழுங்கிவிடும் கம்பெனிப் பிரிவுகள் இங்கேதான் வெளிப்படும். இரண்டாவது டி 289: பென்ஷன் அகரவரிசை, ஆனால் பெயர்வாரியாக அல்லாமல் ரெஜிமெண்ட்வாரியாக, கம்பெனிவாரியாக அடுக்கியது. உயிர் பிழைத்தவர்கள், விதவைகள் யார் யார் மனுப் போட்டார்கள் என்பதை ஒரே வரிசையில் பார்க்க இதைவிட்டால் வேறு வழியில்லை. பெயர் மட்டும் தெரிந்தவர்களுக்கு டி 288.

பென்ஷன் கோப்புக்கு 80 டாலர் அதிகம் என்று தோன்றும். சேவைப் பதிவில் அரசு எழுதியது இருக்கிறது. பென்ஷன் கோப்பில்தான் அந்த மனிதரும் அவருடன் நின்றவர்களும் சத்தியம் செய்து சொன்னது இருக்கிறது. காயம் எங்கே, எந்த நேரத்தில், யார் தூக்கி வந்தார்கள் என்று பக்கத்தில் நின்றவர் கொடுத்த வாக்குமூலம், மருத்துவர் வரைந்த தழும்பு, திருமணச் சான்று, குடும்ப பைபிளிலிருந்து கிழித்த பக்கம் என்று வரும். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் பென்ஷன் கோப்பையே வாங்கச் சொல்லலாம். ஆனால் படிக்கும்போது ஆண்டைக் கவனிக்க வேண்டும். 1862 சட்டத்தின்படி காயமோ நோயோ போரால் வந்தது என்று நிரூபித்தால்தான் பென்ஷன்; 1890க்குப் பிறகு 90 நாள் பணியும் உடல் இயலாமையும் போதும், அந்த இயலாமை போரால் வந்திருக்க வேண்டியதில்லை. ஆகவே 1880களின் வாக்குமூலத்தில் சண்டையின் விவரம் விரிவாக இருக்கும். 1890களின் மனுவில் முடக்குவாதமும் முதுமையும்தான் நிறைந்திருக்கும். அட்டையில் எக்ஸ்.சி. என்று தொடங்கும் எண் இருந்தால் கோப்பு வாஷிங்டனில் இல்லாமல் வேறு இடத்தில் இருக்கக்கூடும். ஆர்டருக்கு முன் கேட்டுக்கொள்வது நல்லது. தெற்குத் தரப்பு வீரர்களுக்குக் கூட்டரசு இந்தப் பென்ஷன் கொடுக்கவில்லை. அந்தந்தத் தென்மாநிலங்களே கொடுத்தன, கோப்பும் அந்த மாநில ஆவணக்காப்பகத்தில்தான். வில்காக்ஸின் அலபாமா வீரர் ஒருவருக்கு என்.ஏ.டி.எஃப் 85 போட்டால் வெறுங்கைதான்.

பூங்காத் துறையின் தளத்துக்கு நான்கு நட்சத்திரம் தரலாம். குறைக்கும் ஒன்று, ரெஜிமெண்ட் பக்கத்தில் ‘இந்த வரிசை முழுப் படைக்கானது, கம்பெனிகள் பிரிந்திருக்கலாம்’ என்ற ஒரே ஒரு வாக்கியம் கண்ணில் படும் இடத்தில் இல்லாததற்கு. அந்த ஒரு வாக்கியம் இருந்திருந்தால் முதலாம் மினசோட்டாவின் எஃப் கம்பெனிக்காரர்கள் பலரை அவர்கள் ஓடாத ஓட்டத்தில் வம்சாவளிப் பக்கங்கள் சேர்த்திருக்காது. அவர்கள் அன்று இடப்பக்கத்தில் செய்த வேலையும் மறைந்திருக்காது.